புது விளக்கு பழைய விளக்கை அணைக்கலாகாது

மாலை ஐந்து மணிக்கே பனி இறங்கிவிடும் மலைகளில் வாழ்கின்றோம் நாம். சூரியநெல்லியிலிருந்து சின்னக்கானல் வந்து, பூப்பாறையைக் கடந்து, போடிமெட்டில் மாநில எல்லையைத் தாண்டிப் போடிநாயக்கனூர் இறங்கும் வழியை அறியாதார் நம் குடும்பங்களில் எவரும் இலர். பிழைப்பு நாடி நம் பாட்டன்மார் நடந்தே ஏறிய மலையை இன்று நாம் மோட்டார் சைக்கிளில் ஏறுகின்றோம். பிள்ளையைப் பள்ளிக்கு விடவும், நோயாளியை மருத்துவரிடம் காட்டவும், ஊரில் நிகழும் நன்மை தீமைகளுக்குச் சென்று திரும்பவும் அதுவே நமக்குத் துணை. கடைசிப் பேருந்து போன பின்னர் அது ஒன்றே துணை என்றும் சொல்லலாம்.

இத்தகைய வண்டியில் கூடுதலாக இரண்டு பனிவிளக்குப் பொருத்திக்கொள்ள நம் இளைஞர் விரும்புவதில் வியப்பில்லை. பனி ஒருபுறம், யானை மறுபுறம். நம் அருகிலுள்ள அணைக்கட்டின் பெயரே ஆனையிறங்கல் என்றால் வேறு சான்று வேண்டுவதில்லை. 2023 ஏப்ரல் மாதத்தில் அரிக்கொம்பன் என்னும் யானையை வனத்துறையார் பிடித்துப் பெரியாறு புலிகள் காப்பகத்துக்குக் கொண்டு சென்றனர். எனினும் சின்னக்கானல் பக்கம் யானைகளின் நடமாட்டம் நின்றபாடில்லை. வளைவுக்கு அப்பால் நிற்பது பாறையா யானையா என்று தெரியாமல் வண்டி ஓட்டுகிறவன், இன்னும் சற்று வெளிச்சம் இருந்தால் நன்றாயிருக்குமே என்று எண்ணுவது இயற்கை. விளக்கோடு நிற்பதுமில்லை. உரத்த ஹார்ன் ஒன்று, கைபேசிக்கு மின்னூட்டும் சார்ஜர் ஒன்று என ஒவ்வொன்றாகச் சேருகின்றன. இவற்றைப் பொருத்துவது எளிது. பிழையின்றிப் பொருத்துவதே அரிது. இவ்வுண்மையை நாம் நூலில் படித்து அறிந்தோமில்லை, பட்டு அறிந்தோம். ஆகவே இத்திங்கள் அதனையே எழுதத் துணிந்தோம்.

சென்ற ஐப்பசியில் போடியில் உறவினர் வீட்டுக் காதுகுத்து முடிந்து, நாமும் நம் இல்லத்தரசியும் பொழுது சாயும் வேளையில் மலையேறினோம். முந்தலிலிருந்து போடிமெட்டு வரை பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். பாதி வழி ஏறுவதற்குள் பனி சூழ்ந்துகொண்டது. அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரத்தில் நாமே பொருத்திய இரண்டு புதிய விளக்குகள் வண்டியில் இருந்தன. அவற்றைப் போட்டோம். “இப்பொழுது பாதை நன்றாகத் தெரிகிறதே!” என்று பின்னாலிருந்து இல்லத்தரசியின் பாராட்டும் கிடைத்தது. அந்தப் பாராட்டு காதில் விழுந்து அடுத்த வளைவில் கைப்பிடியை முழுதும் திருப்பியதுதான் தாமதம். புது விளக்கு, பழைய முகப்பு விளக்கு, பின் விளக்கு யாவும் ஒருங்கே அணைந்தன. எஞ்சினும் நின்றது. ஹார்னை அழுத்தினோம், ஓசை இல்லை.

அதே நேரத்தில் மேலிருந்து ஒரு ஜீப் இறங்கி வந்தது. ஏலத் தோட்டங்களில் வேலை முடித்துத் தேனி மாவட்டத்து ஊர்களுக்குத் திரும்பும் தொழிலாளரை ஏற்றி வரும் ஜீப் அது. உள்ளே இருந்தவர் அனைவரும் பெண்கள். வளைவில் அகன்று திரும்பிய வண்டிக்கு, இருட்டில் இருட்டாய் நின்ற நம்மைத் தெரிந்திருக்க நியாயமில்லை. சக்கரங்கள் சறுக்கும் ஓசை கேட்டது. ஒரு முழ தூரத்தில் ஜீப் நின்றது. ஓட்டியவர் நம்மைத் தவிர்க்க எண்ணி வெளிப்புறம் ஒடித்திருப்பாரானால் அத்தனை பேரும் பள்ளத்தில் கிடந்திருப்பர். அதனை நினைக்க இன்றும் நம் கை நடுங்குகிறது.

ஓட்டுநர் அறுபதை நெருங்கிய பெரியவர். கோபித்துக்கொண்டு இறங்கியவர், இல்லத்தரசியின் முகத்தைக் கண்டதும் கோபத்தை விழுங்கிக்கொண்டார். ஜீப்பின் வெளிச்சத்தில் நம் வண்டியைச் சற்று நேரம் தடவிப் பார்த்தார். கைப்பிடி திரும்பும் கழுத்தருகே, நாம் இழுத்துக் கட்டியிருந்த கம்பியின் மேலுறை தேய்ந்து, செம்பு வெளியே தெரிந்தது. அது வண்டியின் இரும்பில் உரசியதால் வண்டிக்கே உரிய பெரிய பியூஸ் எரிந்து போயிருந்தது. ஜீப்பிலிருந்த ஓர் அம்மாள் நல்லெண்ணத்துடன், “சிகரெட் பெட்டித் தாளைச் சுற்றி வையுங்களேன், ஊர் போய்ச் சேர்ந்துவிடலாம்” என்றார். பெரியவர் தலையசைத்து மறுத்தார். “வேண்டாம், தாயி. அந்தத் தாள் எரியாது, வண்டிதான் எரியும்” என்றார். பிறகு நம் கம்பியை வேரோடு அறுத்தெறிந்து, முனையை நாடாவால் சுற்றிவிட்டு, பியூஸ் பெட்டியிலேயே இருந்த உபரிப் பியூஸை எடுத்து மாட்டினார். வண்டி உயிர் பெற்றது. “தம்பி, விளக்குப் போடு, வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் புது விளக்கு பழைய விளக்கை அணைக்கலாமா?” என்று கேட்டுவிட்டு ஜீப்பில் ஏறினார்.

அந்தக் கேள்வியே இக்கட்டுரையின் சாரம். நாம் மின்சார வல்லுநர் அல்லோம். மெட்ரிகுலேஷன் தேறி இரயில்வேயில் பேரேடு எழுதும் குமாஸ்தா. எனினும் நம் இலாகாவில் நாள்தோறும் காணும் ஒரு முறை, அன்றிரவு நமக்கு நினைவுக்கு வந்தது. சரக்கு வண்டியில் ஒரு பெட்டி பழுதுபட்டால் அதற்கு ‘சிக்’ என்று அடையாளமிட்டு, கழற்றித் தனியே ஒதுக்குவர்; மற்றப் பெட்டிகள் தம் வழியே செல்லும். ஒரு பெட்டியின் நோய் முழு வண்டியையும் நிறுத்தாதபடி காப்பதே ஒழுங்கு. மோட்டார் சைக்கிளில் நாம் சேர்க்கும் பொருளும் அவ்வாறே இருத்தல் வேண்டும். அது கெட்டால் அது மட்டும் கெட வேண்டும். வண்டியைத் தன்னோடு இழுத்துச் செல்லலாகாது. இந்த ஒரு விதியை மனத்திற் கொண்டால், கீழே கூறும் முறைகள் யாவும் தாமே விளங்கும்.

முதலில் கணக்கு. நம் வண்டிகளின் பாட்டரி 12 வோல்ட். விளக்கின் மீது எழுதியுள்ள வாட் அளவை 12-ஆல் வகுத்தால், அது எத்தனை ஆம்பியர் மின்னோட்டம் இழுக்கும் என்பது தெரிந்துவிடும். 20 வாட் விளக்கு இரண்டு என்றால் 40 வாட். வகுத்தால் ஏறத்தாழ மூன்றேகால் ஆம்பியர். உரத்த இரட்டை ஹார்ன் பத்து ஆம்பியர் வரை இழுக்கும். கைபேசிச் சார்ஜருக்கு ஓர் ஆம்பியர் அளவு போதும்.

இச்செலவுக்கு வரவு எங்கிருந்து? எஞ்சின் சுழலும்போது அதனுடன் சேர்ந்து சுழலும் ஆல்டர்னேட்டர் மின்சாரத்தை ஆக்குகிறது. பாட்டரி அதனைச் சேமிக்கிறது. 2017 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் தயாராகும் இரு சக்கர வண்டிகளில், எஞ்சின் ஓடும்போதெல்லாம் முகப்பு விளக்கும் எரிந்துகொண்டே இருக்கும். 2020-இல் வந்த பி.எஸ். 6 விதிக்குப் பின்னர் பெரும்பாலான வண்டிகளில் பெட்ரோலைப் பீய்ச்சும் வேலையையும் மின்சாரமே செய்கிறது. ஆதலின் முன்போல் மிச்ச வரவு அதிகம் இல்லை. வரவறியாமல் செலவு செய்யும் குடும்பம் என்னவாகுமோ, அதுவே பாட்டரிக்கும் நேரும். சோதித்துப் பார்க்க வழியுண்டு. எல்லா விளக்குகளையும் எரியவிட்டு, எஞ்சினைச் சற்று விரைவாக ஓடவிட்டு, பாட்டரியின் இரு முனைகளில் மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். 13 வோல்ட்டுக்கு மேல் நன்றாக நின்றால் வரவு மிஞ்சுகிறது என்று பொருள். 12.5-க்குக் கீழ் இறங்கினால் செலவு மிஞ்சுகிறது; அவ்வளவு வாட் விளக்கு அவ்வண்டிக்கு ஆகாது.

அடுத்தது பியூஸ். பியூஸ் விளக்கைக் காப்பாற்றுவதற்கு என்றே நாம் நெடுநாள் எண்ணியிருந்தோம். அது பிழை. அது காப்பது கம்பியை. சிறிய பாட்டரிதானே என்று எளிதாக எண்ணலாகாது. கம்பி இரும்பில் உரசி நேரே சேர்ந்துகொண்டால், ஒரு நொடிப்பொழுதில் நூறு ஆம்பியருக்கும் மேலான மின்னோட்டம் பாயும். மெல்லிய கம்பி பழுக்கக் காய்ந்து, மேலுறை தீப்பற்றும். அக்கம்பி செல்வதோ பெட்ரோல் தொட்டியின் அடியில்! இரயிலில் மோட்டார் சைக்கிளைப் பார்சலாக அனுப்ப வருவோரிடம், பெட்ரோலை முழுதும் வடித்துவிட்டு வருமாறு நாம் கூறுகிறோம். அதற்குச் சிலர் முகம் சுளிப்பதுண்டு. பெட்ரோலும் பொறியும் ஓரிடத்தில் சேரலாகாது என்பதே அவ்விதியின் கருத்து. அலுவலகத்தில் பிறருக்கு இதனைச் சொல்லிக்கொண்டே, வீட்டில் தொட்டியின் அடியில் காப்பில்லாத கம்பியை நாமே இழுத்துக் கட்டினோம் என்பதை எண்ணி வெட்கமுறுகிறோம்.

ஆகவே புதிதாகச் சேர்க்கும் பொருளுக்கு, பாட்டரியின் நேர் முனையிலிருந்து தனிக் கம்பி செல்ல வேண்டும். அக்கம்பியில், பாட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ளாகவே தனிப் பியூஸ் இருக்க வேண்டும். பியூஸ் விளக்கருகே இருந்தால், அதற்கு முன்னுள்ள கம்பி முழுவதும் காவலற்றுக் கிடக்கும். பியூஸின் அளவு, பொருள் இழுக்கும் ஆம்பியரைவிடச் சற்று அதிகமாகவும், கம்பி தாங்கும் ஆம்பியரைவிடக் குறைவாகவும் இருத்தல் வேண்டும். மூன்றேகால் ஆம்பியர் விளக்குகளுக்கு 5 ஆம்பியர் பியூஸும், 1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியும் போதும். பத்து ஆம்பியர் ஹார்னுக்கு 15 ஆம்பியர் பியூஸும், 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியும் தேவை. பியூஸ் எரிந்தால் காரணத்தைத் தேடுக. பெரிய பியூஸ் மாட்டுவதும் வெள்ளித் தாள் சுற்றுவதும், காவற்காரன் கத்துகிறான் என்று அவன் வாயைக் கட்டுவதற்கு ஒப்பாகும்.

மூன்றாவது ரிலே. விளக்கின் முழு மின்னோட்டத்தையும் கைப்பிடியிலுள்ள சிறிய ஸ்விட்சின் வழியே செலுத்தினால், அதன் உட்பகுதி சூடேறி உருகிவிடும். ரிலே என்பது ஒரு சிறிய பெட்டி. ஸ்விட்சிலிருந்து வரும் சிறு மின்னோட்டம் அதனுள்ளிருக்கும் காந்தச் சுருளை இயக்க, அது பெரிய மின்னோட்டத்தின் வாயிலைத் திறந்து மூடும். அதன் கால்களில் எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். பியூஸ் வழியாகப் பாட்டரியிலிருந்து வரும் கம்பி 30-இல். விளக்குக்குச் செல்லும் கம்பி 87-இல். ஸ்விட்சிலிருந்து வருவது 86-இல். பாட்டரியின் எதிர் முனைக்குச் செல்வது 85-இல். ஸ்விட்சுக்கு வரும் சிறு மின்னோட்டத்தை, சாவி திறந்தால் மட்டும் உயிர் பெறும் கம்பி ஒன்றிலிருந்து எடுத்தல் நலம். அவ்வாறாயின், சாவியை எடுத்த பின் விளக்கு எரிந்து பாட்டரி வற்றாது. ஆனால் அவ்விடம் வண்டிக்குச் சொந்தமான கம்பியைத் தொடும் இடம். எனவே அங்கேயும் 1 ஆம்பியர் பியூஸ் ஒன்று இடுக. இல்லையேல் மீண்டும் பெரியவரின் கேள்விக்கு ஆளாவோம்.

நான்காவது, கம்பி செல்லும் வழி. நம்மைக் கவிழ்த்தது இதுவே. கைப்பிடியை இடக்கோடி முதல் வலக்கோடி வரை திருப்பிப் பார்த்து, எப்பக்கமும் கம்பி இறுகாமலும் நசுங்காமலும் இருக்குமாறு தளர்வு விட வேண்டும். எஞ்சினையும் புகைக்குழாயையும் அண்டாமல், வண்டியின் சொந்தக் கம்பிக் கட்டோடு சேர்த்து, மேலே ஓர் உறைக்குழாய் மாட்டிக் கட்டுதல் வேண்டும். இருக்கையைப் பூட்டும்போது அதன் அடியில் நசுங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும். கம்பியோடு கம்பியை முறுக்கி நாடா சுற்றுவது மலைச்சாலையின் அதிர்வுக்கும் மழைக்கும் சில திங்கள் கூடத் தாங்காது. முனையில் உலோக லக் வைத்து அதற்குரிய குறடால் அழுத்தி, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் மாட்டினால் நீர் புகாது. எதிர்க் கம்பியையும் துருப்பிடித்த ஏதோ ஓர் ஆணியில் கட்டாமல், பாட்டரியின் எதிர் முனைக்கே கொண்டு செல்லுதல் சிறப்பு.

வேலை தொடங்குமுன் பாட்டரியின் எதிர் முனையை முதலில் கழற்றுக. முடித்தபின் அதனைக் கடைசியில் மாட்டுக. வண்டியின் இரும்பு முழுவதும் எதிர் முனையோடு சேர்ந்தது. நேர் முனையை முதலில் கழற்றினால், ஸ்பானர் இரும்பில் பட்ட கணமே பொறி பறக்கும். எதிர் முனையைக் கழற்றிவிட்டால் அவ்வபாயம் இல்லை.

இனிச் சட்டம். நம் வண்டிகளில் சில தேனிப் பதிவு, சில இடுக்கிப் பதிவு. ஆயினும் சட்டம் இரு மாநிலத்துக்கும் ஒன்றே. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றலாகாது என்கிறது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. அனுமதியின்றி மாற்றினால், 2019-இல் திருத்தப்பட்டபடி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு திங்கள் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். வண்டியின் முன்புறத்தில் தேடுவிளக்கு வகைகளைப் பொருத்துவதையும், பல சுரங்களில் ஒலிக்கும் ஹார்ன்களையும் விதிகள் தடுக்கின்றன. ஆகையால் கடையில் கண்டதையெல்லாம் வாங்காமல், வண்டியின் தயாரிப்பாளரே அவ்வண்டிக்கென விற்கும் விளக்கு உண்டா என்று முதலில் கேட்டு, மோட்டார் வாகன அலுவலகத்திலும் விசாரித்துக்கொள்வது அறிவுடைமை. காப்பீட்டுக் கம்பெனிக்கும் தெரிவித்துவிட வேண்டும். சொல்லாமல் சேர்த்த பொருளால் தீப்பற்றினால் ஈட்டுத் தொகை பெறுவது பெரும்பாடாகும்.

சட்டத்துக்கு அப்பாலும் ஒரு நியாயம் உண்டு. பனியில் உயர்ந்து பாயும் ஒளி, பனியிலேயே பட்டு நம் கண்ணுக்கே திரும்பும். எதிரே வருபவரையும் குருடாக்கும். விளக்கு தாழ்வாக இருந்து, சாலையை நோக்கிச் சற்றுக் குனிந்திருந்தால்தான் பாதை தெரியும். யானை நின்றாலோ வெளிச்சத்தை அதன் முகத்தில் அடிப்பதும் ஹார்ன் ஒலிப்பதும் அதனைச் சினமூட்டும் செயல்கள். தொலைவிலேயே நின்று, அது வழிவிடும் வரை காத்திருப்பதே தக்கது.

அந்நிகழ்ச்சிக்குப் பின் நாம் மேற்கூறிய முறைப்படி, தயாரிப்பாளரின் விளக்கையே வாங்கி, விவரமறிந்த மெக்கானிக் ஒருவரை அருகிருந்து செய்யச் சொல்லிப் பொருத்திக்கொண்டோம். அரை மணியில் முடித்த வேலைக்கு இம்முறை அரை நாள் பிடித்தது. வேலை முடிந்ததும் புது விளக்கின் பியூஸைக் கையால் பிடுங்கிப் பார்த்தோம். புது விளக்கு அணைந்தது, பழைய விளக்கு எரிந்தது, எஞ்சினும் ஓடிற்று. அதனைக் கண்ட பின்னரே இல்லத்தரசி மீண்டும் பின்னால் அமர இசைந்தாள்.

உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் வண்டியிலும் கூடுதல் விளக்கோ ஹார்னோ இருக்குமாயின், இந்த ஞாயிற்றுக்கிழமை அவ்வாறே சோதித்துப் பாருங்கள். தனிப் பியூஸ் இல்லையென்றால், அன்றே அதன் இணைப்பை நீக்கிவிட்டு, பிறகு முறையாகச் செய்துகொள்ளுங்கள். நம் வீட்டார் நம்மை நம்பிப் பின்னால் அமருகின்றனர். நாம் முகமறியாத தொழிலாளப் பெண்கள் பலர் எதிரே வரும் ஜீப்பில் அமர்ந்திருக்கின்றனர். இருதிறத்தாரும் இரவில் தத்தம் வீடு சேர வேண்டும். நம் இளைஞர் இதனை மனத்திற் கொள்வாராக.